பின்னுக்குப் பார்க்கிற மெசினும் முன்னுக்குப் பார்க்கிற வேலையும்

மூன்று குளிர்காலமாக நான் பின்பக்கம் பார்த்தபடியே பனி அள்ளிக்கொண்டிருந்தேன். என்னுடையது டிராக்டரின் பின்னால் மாட்டி, பனியை அள்ளி எறிகிற ஸ்னோ புளோவர். வேலை நடக்க வேண்டுமென்றால் வண்டியை ரிவர்ஸில் போட்டு, ஒரு கையால் மட்கார்டைப் பிடித்து, இடுப்பையும் கழுத்தையும் முறுக்கிக்கொண்டு ஊர வேண்டும். எங்கள் டிரைவ்வேயை ஒரு தடவை துப்புரவாக்க ஒரு மணித்தியாலம். முடித்து இறங்கினால் கழுத்து முன்னுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். "இஞ்சருங்கோ, ஆந்தை மாதிரி நிக்கிறியள்" என்று மனைவி சிரித்தாள். அடுத்த நாளும் சிரித்தாள். மூன்றாம் நாள் முதுகுக்குப் போடும் தைலப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான்காவது குளிர்காலத்துக்கு முன் அந்தப் புளோவரை டிராக்டரின் முன்னால் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். இரண்டு வார வேலை என்று நினைத்தேன். கோடையில் தொடங்கி நவம்பரில் முடிந்தது.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் இருபது வருடம் இருந்துவிட்டு, கனடாவின் ஒன்ராறியோவில் ஒராஞ்ச்வில்லுக்கு வடக்கே ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். ரொறன்ரோவில் மழை தூறும் நாளில்கூட இங்கே பனி கொட்டும். ஜோர்ஜியன் குடாவின் உறையாத தண்ணீரின் மேலால் வரும் குளிர்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து, இந்த மேட்டில் ஏறும்போது இறக்கிவிட்டுப் போகிறது. எங்கள் டிரைவ்வே 120 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 96 கன மீற்றர். புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்று பிடித்தாலும் ஒன்பதரை தொன்னுக்கு மேல். மண்வெட்டிக் கணக்கு இல்லை இது.

ஒராஞ்ச்வில்லுக்கும் இந்த மெசினுக்கும் ஒரு பழைய சொந்தம் இருப்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. சுழலும் சக்கரத்தால் பனியை வெட்டி எறியலாம் என்ற யோசனைக்கு 1869இல் காப்புரிமை எடுத்தவர் ரொறன்ரோவின் ஒரு பல் வைத்தியர், ஜே. டபிள்யூ. எலியட். (பல்லைக் குடைகிறவருக்கு அப்படி ஒரு யோசனை வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.) அதைத் திருத்தி வேலை செய்யக்கூடியதாக்கியவர் ஒராஞ்ச்வில்லில் மில் நடத்திய ஒரேஞ்ச் ஜல். அதே ஊர் லெஸ்லி சகோதரர்கள் முழு அளவில் ஒன்றைச் செய்ய ஏற்பாடு செய்தார்கள். 1883–84 குளிர்காலத்தில் ரொறன்ரோவில், பார்க்டேல் பக்கத்து ரயில் யார்டில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். அது தண்டவாளத்தில் போவது. சாலையில் போகக்கூடியதை 1925இல் செய்தவர் கியூபெக்கின் ஆர்தர் சிக்கார்ட். கதிரடிக்கும் மெசினைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்பார்கள்.

கதிரடிக்கும் மெசின் என்றதும் எனக்கு இலங்கையின் வடக்கில் எங்கள் பரந்தன் ஞாபகம் வந்துவிடும். அங்கே சித்தப்பாவிடம் இருந்தது மாஸி பெர்கூசன் 135 டிராக்டர். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் களத்தில் பரப்பி, அதன் மேல் அந்த உழவு மெசினையே சுற்றிச் சுற்றி ஓட்டிச் சூடு அடிப்பார்கள். இரவிரவாக ஓடும். நாங்கள் வைக்கோலில் படுத்துக்கொண்டு அந்த மூன்று சிலிண்டர் சத்தத்தில் நித்திரை கொள்வோம். இங்கே ஒரு பண்ணை ஏலத்தில் 1969ஆம் ஆண்டு 135 ஒன்று துருப்பிடித்த சிவப்பில் நின்றபோது நான் விலையை யோசிக்காமலே கை உயர்த்தினேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இந்த முகம் தெரிந்திருக்கும். சென்னையில் டாஃபே 1960களின் தொடக்கத்திலிருந்து இந்தக் குடும்பத்து வண்டிகளைச் செய்துவந்திருக்கிறது.

நல்ல வண்டிதான். பெர்க்கின்ஸ் டீசல், இரண்டரை லீற்றர், எஞ்சினின் சுழற்சியை வெளி மெசின்களுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் முப்பத்தேழு குதிரைவலுப் பக்கம். சிக்கல் என்னவென்றால் இந்த வண்டி முழுக்க முழுக்கப் பின்னுக்குப் பார்க்கச் செய்யப்பட்டது. ஹரி பெர்கூசன் என்ற மனிதரின் புத்தியே அது: கலப்பையைப் பின்னால் மூன்று புள்ளியில் தொங்கவிட்டு, மண் கலப்பையை இழுக்கிற விசையையே பின் சக்கரத்தின் மேல் பாரமாக மாற்றுவது. அதனால்தான் இவ்வளவு இலேசான வண்டி அவ்வளவு ஆழமாக உழுகிறது. தூக்கும் கைகள் பின்னால், பி.டி.ஓ. பின்னால், ஹைட்ராலிக் பின்னால். முன்னுக்கு இருப்பது ரேடியேட்டரும் இரண்டு ஒல்லிச் சக்கரமும்தான். சித்தப்பாவின் வண்டிக்கு முன்னால் நான் கண்டது பொங்கலுக்குக் கட்டின மாவிலை மட்டும்.

ஆகவே கேள்வி இதுதான்: பின்னால் வரும் சுழற்சியை முன்னால் எப்படிக் கொண்டுபோவது?

புதிய சிறு டிராக்டர்களில் வயிற்றுக்குக் கீழேயே இன்னொரு பி.டி.ஓ. இருக்கும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்கு முன்பக்கமே பி.டி.ஓ. வாங்கலாம். 135க்கு இரண்டும் இல்லை. எஞ்சினின் முன் கப்பியிலிருந்து எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எடுக்கலாம், ஆனால் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட எஞ்சின் கிட்டத்தட்ட 1,700இல் ஓடுகிறது, அதை மூன்றில் ஒன்றாகக் குறைக்க ஒரு பெட்டி வேண்டும், கிளட்ச் வேண்டும், ரேடியேட்டருக்கு முன்னால் அதற்கெல்லாம் இடமும் வேண்டும். அடுத்தது எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் ஹைட்ராலிக் மோட்டர். குழாய் எந்தப் பக்கமும் வளையும், திசைக் கவலை இல்லை. காகிதத்தில் அழகான வழி. ஆனால் 25 குதிரைவலுவை எண்ணெயாக அனுப்ப, சதுர அங்குலத்துக்கு 2,500 இறாத்தல் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 17 கலன் ஓட வேண்டும். டிராக்டரின் சொந்தப் பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தராது. தனிப் பம்ப், தனி எண்ணெய்த் தொட்டி, குளிராக்கி என்று போகும். இருக்கிற முப்பத்தேழில் கால்வாசி சூடாகவே போய்விடும். பெரிய வண்டிக்காரருக்கு அது சரி. எனக்கு ஒவ்வொரு குதிரையும் வேண்டும்.

மிஞ்சியது தண்டு. பின் பி.டி.ஓ.வில் ஒரு பெட்டி. அது சுழற்சியைக் கீழே இறக்கும். அங்கிருந்து ஒரு தண்டு டிஃபெரென்ஷியலுக்கு அடியாக, கியர்பொக்ஸுக்கு அடியாக, முன் அச்சுக்கும் அடியாகப் போய்ப் புளோவரில் சேரும். நடுவில் தாங்க ஒரு பேரிங். மூட்டுகள் ஒவ்வொரு முனையிலும். இதைத்தான் செய்தேன்.

ஆனால் தண்டுக்கு முன்னால் சட்டகம். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள், நானும் விட இருந்தேன். லொறிக்கு இருப்பதுபோல இந்த டிராக்டருக்குச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு ஆகிய மூன்று வார்ப்புகளையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டி. எஞ்சினே முதுகெலும்பு. முன் அச்சைப் பிடித்திருக்கும் வார்ப்பு எஞ்சினின் மூக்கில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. அந்த மூக்கில் மட்டும் புளோவரைத் தொங்கவிட்டு, உறைந்த பனிமேட்டில் ஒருதரம் மோதினால் என்ன ஆகும்? வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு நீள இரும்புச் சட்டம், பின் அச்சு உறையிலிருந்து முன்மூக்கு வரை. இடியைப் பின் அச்சு வாங்க வேண்டும். முன்பக்கம் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். அதிலும் ஒரு தொல்லை. இந்த வண்டியின் ஸ்டியரிங் தண்டுகள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. சக்கரத்தை முழுக்க வெட்டித் திருப்பிப் பார்க்காமல் நான் வெட்டிய முதல் சட்டம் இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை தாங்குகிறது.

வெல்டிங் செய்து தந்தது ஸ்காபரோவில் இருக்கும் நண்பன் ஒருவன். வயதில் இளையவன். கப்பல் வேலை பார்த்தவன், இரும்பைப் பார்த்தாலே அதன் குணம் சொல்வான். இரண்டு சனிக்கிழமை வந்து நின்று ஒட்டினான். கூலி வேண்டாம் என்றான். ஆட்டு இறைச்சிக் கறியும் இடியப்பமும் என்று பேசி முடித்தோம்.

அடுத்தது பின்பக்கப் பெட்டி. கியர் போட்ட பெட்டி புதிதாக வாங்கினால் விலை கடுப்பு. என்னிடம் ஒரு பழைய தீவனக் கலவை மெசினின் இரண்டு பற்சக்கரமும் பருமனான செயினும் இருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று, செயினால் இணைத்தால் 540 அப்படியே 540. தகடு வெட்டி, பேரிங் போட்டு, பெட்டி அடைத்துப் பெருமையாகப் பூட்டினேன். ஒக்டோபர் நடுப்பகுதி. பனி இல்லை; ஆனால் மேப்பிள் இலை முழங்கால் அளவு. இலையில் சோதித்துப் பார்ப்போம் என்று வீடியோவில் நண்பனைக் கூப்பிட்டு, போனை மரத்தில் கட்டிவிட்டு, பி.டி.ஓ.வைக் கொழுவினேன்.

புளோவருக்கு உள்ளே இரண்டு பாகம். முன்னால் குறுக்காகக் கிடக்கும் திருகுச் சுருள் பனியை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கொண்டுவரும். நடுவில் இருக்கும் விசிறி அதை மேல் குழாயால் எறியும். என்னுடையது இலைகளை நடுவிலிருந்து பக்கங்களுக்குத் தள்ளியது. விசிறி உறுமியது, குழாயிலிருந்து ஒரு இலைகூட வரவில்லை. கொஞ்சம் முன்னே போனேன். அழகாக இரண்டு பக்கமும் வகிடு எடுத்துவிட்டதுபோல இலை பிரிந்தது.

போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டான்: "அண்ணை, உது எந்தப் பக்கம் சுத்துது எண்டு பாத்தனீங்களே?"

பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவில் ஒரு கடிகாரத்தை வரைந்து வையுங்கள். உள்ளேயிருந்து பார்த்தால் முள் வலமாகச் சுற்றும். வெளியே போய்ப் பார்த்தால் அதே முள் இடமாகச் சுற்றும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ. வலமாகச் சுற்றுகிறது. பின்னால் மாட்டிய புளோவருக்கு முதுகு டிராக்டர் பக்கம், முகம் அடிவானத்தின் பக்கம். சீட்டிலிருந்து திரும்பி அதைப் பார்க்கிறவனுக்கு அதன் தண்டு இடமாகச் சுற்ற வேண்டும், சுற்றியது. அதே புளோவரை முன்னால் கொண்டுவந்து, அதே தண்டை நேரே முன்னுக்கு நீட்டினால், சீட்டிலிருந்து முன்னே பார்க்கிறவனுக்கு அது வலமாகச் சுற்றும். எதிர்த் திசை. செயின் திசையை மாற்றாது; இரண்டு பற்சக்கரமும் ஒரே பக்கமே சுற்றும். ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு கியர்தான் திசையைத் திருப்பும். அதற்காகத்தான் விற்கிறவர்கள் கியர்ப் பெட்டி விற்கிறார்கள். விலையை மட்டும் பார்த்த எனக்கு அந்தக் காரணம் தெரியவில்லை. விசிறியின் கூடு ஒரு பக்கச் சுழற்சிக்கென்றே வளைத்துச் செய்யப்பட்டது, ஆகவே புளோவரை உள்ளே மாற்றிச் சமாளிக்கவும் வழியில்லை.

அன்று பின்னேரம் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். வகிடு எடுத்த இலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தானும் 1970களில் இதே பிழையை விட்டதாகச் சொன்னார். உண்மையோ ஆறுதலோ தெரியாது. ஆனால் அடுத்த கிழமை தன் கொட்டிலிலிருந்து எண்ணெய்க் கறுப்பு ஏறிய ஒரு கியர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம அளவான இரண்டு கியர், எண்ணெயில் ஓடுவது. பேரிங்கும் சீலும் மாற்றிப் பூட்டினேன். இந்தத் தடவை இலைகள் கொட்டிலின் கூரையில் போய் விழுந்தன.

இனி பாரம். புளோவர் 270 கிலோ. வண்டியே சுமார் 1,500 கிலோதான். முன்னால் ஏற்றுகிற பாரம் முன் அச்சை அழுத்துவதோடு நிற்காது; அச்சுக்கு வெளியே தொங்குவதால் பின் சக்கரத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். கலப்பை பின் சக்கரத்தை மண்ணில் அழுத்தியது. புளோவர் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. பெர்கூசனின் முழுப் புத்தியையும் நான் தலைகீழாக்கியிருந்தேன். நல்லவேளை மூன்று புள்ளிக் கைகள் இப்போது சும்மா இருந்தன. ஒரு இரும்புப் பீப்பாயில் கொங்கிறீட் நிரப்பிப் பின்னால் தொங்கவிட்டேன், 300 கிலோவுக்குக் கிட்ட. பின் டயர்களுக்குச் சங்கிலி. டயருக்குள் கல்சியம் குளோரைட் கரைசல் நிரப்புவது இங்கே பழைய வழக்கம். அது ரிம்மைத் தின்னும் என்பதால் விட்டுவிட்டேன். ஸ்டியரிங் இப்போது ஆட்டுக்கல் சுற்றுகிற பாரம். முன் சக்கரம் வழுக்கும்போது பின் பிரேக்கில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்துத் திருப்புகிறேன். சேற்று வயலில் வரப்போரம் திருப்பச் சித்தப்பா செய்வது அதேதான்.

இந்த வேலைக்குப் பழைய டிராக்டர் தேடுகிறவர்களுக்கு ஒன்று: கிளட்சைப் பாருங்கள். சில 135களில் ஒற்றைக் கிளட்ச். மிதித்தால் வண்டியோடு பி.டி.ஓ.வும் நின்றுவிடும். கனமான பனியில் முன்னேறாமல் நின்று, புளோவரை மட்டும் ஓடவிட்டு வாயைக் காலியாக்க வேண்டிய இடம் நூறு வரும். ஒற்றைக் கிளட்சில் அது நடக்காது. இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். என்னுடையதில் அது இருந்தது அதிர்ஷ்டம். ஏலத்தில் நான் அதைப் பார்த்து வாங்கவில்லை.

முதல் நல்ல பனி டிசம்பர் நடுவில் வந்தது. எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளொக் ஹீற்றரை இரவே கொழுவி வைத்திருந்தேன். விடிய ஆறு மணிக்கு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, முன்னே பார்த்தபடி டிரைவ்வேயில் இறங்கினேன். 56 சென்ரிமீற்றர் விசிறி 540 சுற்றில் போனால் அதன் விளிம்பு மணிக்கு 57 கிலோமீற்றர் வேகத்தில் போகும். காற்றின் தடையே இல்லையென்றால் பனி 25 மீற்றர் போக வேண்டும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு போனது, போதும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்த மெசினுக்கு ஊதுவது என்ற பொருளில்தான் வழக்கமான பெயர். ஊதவில்லை, எறிகிறது. தமிழில் பெயர் வைக்கிறவர்கள் 'பனி எறிவான்' என்றே வைக்கலாம்.

பாதையின் வாயில்தான் கடினமான இடம். நகரசபை வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் ஒரு பனி வரம்பு கட்டிவிட்டுப் போகும். உப்பும் கல்லும் கலந்து இறுகின வரம்பு. அதை எடுத்துத் தெருவில் எறியவும் கூடாது, ஒன்ராறியோவின் சாலைச் சட்டம் விடாது. குழாயைத் திருப்பித் திருப்பி நம் பக்கமே எறிய வேண்டும். அந்த வரம்புக்குள் ஜனவரியில் ஒரு விளம்பரத்தாள் கட்டு, பிளாஸ்ரிக் பையோடு கல்லாக உறைந்து, எனக்காகக் காத்திருந்தது. டக் என்றது. ஷியர் போல்ட் போய்விட்டது. அது போகத்தான் இருக்கிறது. மெல்லிய போல்ட் முறிந்து பெரிய செலவைக் காப்பாற்றும். கையில் வேறு மெல்லிய போல்ட் இல்லை, கடை திறக்க இரண்டு மணித்தியாலம். டப்பாவில் கிடந்த ஒரு உறுதியான போல்ட்டைப் போட்டேன். தலையில் ஆறு கோடு, நல்ல உருக்கு. அடுத்த கட்டி அகப்பட்டபோது போல்ட் முறியவில்லை. சுருளின் கியர்ப் பெட்டிக்குள் இரண்டு பல் முறிந்தது. மூன்று டொலரை மிச்சம் பிடித்து நானூறு டொலர் கட்டினேன். இப்போது சீட்டுக்குக் கீழே சரியான போல்ட் ஒரு டசின், ஒரு மீன் டின்னில்.

சிரிக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. நிமிடத்துக்கு 540 என்றால் செக்கனுக்கு ஒன்பது சுற்று. குளிர்காலத்தில் நாங்கள் போர்த்துக்கொள்ளும் சால்வை, தொங்கும் கயிறு, கையுறையின் நுனி, எது அந்தத் தண்டில் சிக்கினாலும் விடுவிக்க நேரம் இராது. வயிற்றடித் தண்டு முழுவதற்கும் தகட்டு மூடி போட்ட பிறகுதான் மனைவியை அதன் கிட்டவே விட்டேன். குழாய் அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லாம் நின்றதைப் பார்த்து, அதற்குப் பிறகும் தடியால்தான் குத்துவேன்.

பெப்ரவரியில் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். பரந்தனில் அப்போது வெயில். பின்னால் தம்பி நெல்லுக் காயவிட்டுக்கொண்டிருந்தான். அம்மா வெகுநேரம் பார்த்தாள். பனியை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள், அதில் அக்கறை இல்லை. "உது சித்தப்பான்ர மெசினெல்லே? முன்னுக்கு என்னடா கட்டி வைச்சிருக்கிறாய்?" என்றாள். சொன்னேன். தம்பி வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பனி எறிவதெல்லாம் வேண்டாம். கியர்ப் பெட்டியின் விகிதம் என்ன, அதில் தண்ணீர்ப் பம்ப் ஒன்று பூட்டலாமா என்று மட்டும் கேட்டான்.

முன்னால் மாட்டிய பிறகு இரண்டாவது குளிர்காலமும் முடிந்துவிட்டது. புளோவரைக் கழற்ற முக்கால் மணித்தியாலம் ஆகிறது, சட்டங்களைக் கழற்றுவதில்லை. கியர்ப் பெட்டியின் கீழ்ச் சீல் ஒழுகுகிறது. தரையில் ஒரு உள்ளங்கை அளவுக்கு எண்ணெய். நடுப் பேரிங்கில் ஒரு முனகல் கேட்கிறது. இரண்டையும் இலை விழ முன் மாற்ற வேண்டும்.